ஏரிக்காரி வேஷம் கட்டிய மூன்று பேர்

கும்பாபிஷேக மலரில் போடுவதற்கு என் அப்பாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். முழுப்பக்கப் படம் போடுவீர்களாம். ‘ஏரிக்காரி என்றால் அவர்தான், முன்னும் இல்லை, பின்னும் இல்லை’ என்று படத்துக்குக் கீழே போட வாசகம்கூடத் தயாராகிவிட்டது. நம் பள்ளிக்கூடக் குரூப்பில் அதற்குக் கும்பிடு பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்ததைப் பார்த்தேன். ஒருத்தர்கூட வேறு ஆளைச் சொல்லவில்லை.

நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். என்னோடு அதே புழுதியில் உட்கார்ந்திருந்தீர்கள். நாம் பார்த்தது ஒருத்தரை அல்ல, மூன்று பேரை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது மாதிரி இருக்காது. பிடிக்கவில்லை என்றால் போடாதீர்கள்.

மலரை வெளியூர் ஆட்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் கூத்து என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் ஏரிக்கரை முன்னொரு காலத்தில் கட்டக் கட்ட உடைந்ததாம். கடைசியில் ஒரு பெண்ணைக் கரைக்குள் இறக்கி, மண் போட்டு மூடினார்களாம். கரை நின்றது. அவள்தான் ஏரிக்காரி. வைகாசியில், முந்திரிக் கொட்டை பொறுக்கி முடிந்த கையோடு, அவள் கதையைக் கரையிலேயே ஆடுவோம். வேஷம் கட்டுவது ஆண்கள்தான். அவள் இறங்கியது பொழுது சாய்கிற நேரம். அதனால் நம் கூத்து பகலில்தான் நடக்கும். சூரியன் மறைவதற்குள் முடிந்தாக வேண்டும்.

கடைசியில் ஏரிக்காரி கரையோரம் வெட்டிய குழிக்குள் இறங்கி நின்று ஒப்பாரி பாடுவாள். ஊர் மொத்தமும் எழுந்து போய் ஆளுக்கு ஒரு பிடி மண் போட வேண்டும். எல்லோரும் போட்டால்தான் கூத்து முடிந்த கணக்கு. அந்த வருஷம் கரை நிற்கும் என்பது நம்பிக்கை. பிறகு குழியைச் சுற்றிப் படுதா பிடித்து, வேஷக்காரரைத் தூக்கி, ஊர் எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏரிக்காரிதான் செத்துவிட்டாளே. அவர் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. மூன்றாம் நாள் காலையில் அவர் எல்லையில் வந்து நிற்பார். பெற்ற பிள்ளை சொம்புத் தண்ணீரோடு போய், “ஏரிக்காரி, வூட்டுக்கு வா” என்று கூப்பிட்டால்தான் உள்ளே வரலாம்.

அப்பாவுக்கு அந்த வேஷம் பொருந்தியது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஒல்லியான உடம்பு. சன்னமான குரல். முகத்தில் அரிதாரம் பூசி, அம்மாவின் கல்யாணப் புடவையை உடுத்திக்கொண்டு வந்தால் பெண்களே வாயைப் பிளப்பார்கள். அரக்கு நிறப் புடவை அது. அம்மா அதை ஒரு விசேஷத்துக்கும் கட்டி நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் அப்பா கட்டுவார். அவ்வளவுதான். அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அந்தப் புடவையில் எப்போதும் இருக்கும்.

குழியில் நின்று,
‘மெள்ளப் போடுங்க மண்ணை – என்
மேலு நோகுது மக்கா’
என்று எடுப்பார். அந்த இடத்தில் சரியாக என்னைத் தேடிப் பிடித்துப் பார்ப்பார். கண்ணில் நீர் திரண்டு நிற்கும், விழாது. அடுத்த அடியில்தான் விழும். அப்பா எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து நான் வெடித்து அழுவேன். என்னைப் பார்த்து நீங்கள் அழுவீர்கள். அப்புறம் எல்லோருமாக ஓடிப்போய் மண் போடுவோம்.

ஒரு விஷயம் அப்போது நமக்குத் தெரியாது, பெரியவர்களுக்குத் தெரியும். அப்பா குழிக்குள் அடியில்லாத மூங்கில் கூடை ஒன்றை வைத்து, அதற்குள் நின்றுகொண்டுதான் பாடுவார். நாம் போட்ட மண் எல்லாம் கூடைக்கு வெளியே விழும். அவர் மேல் ஒரு கட்டி பட்டதில்லை.

அப்படி ஒரு வைகாசியில் படுதாவுக்குள் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் நான் சொம்போடு எல்லையில் நின்றேன். வெயில் ஏறியது. சொம்பு சுட்டது. கூட வந்த பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பாதான் வந்து சொம்பை வாங்கிக்கொண்டு, “வா தாயி, பஸ்ஸு கெடைச்சிருக்காது” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பா ஒரு நாடகக் கம்பெனியோடு போகப் போகிறார் என்பது கூத்து வாத்தியாருக்குத் தெரியும். நாட்டாண்மைக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்று நான் நினைக்கிறேன்; கடைசிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தே எல்லோரும் சேர்ந்து கையில் சொம்பைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள். முறையை விடக்கூடாதாம்.

அன்றிலிருந்து வீட்டைப் பார்த்தது சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பி, கல்யாணம் ஆகாதவர். கறுத்துத் தடித்த உடம்பு, கன்னம் வரைக்கும் மீசை. எங்கள் முந்திரிக்காட்டில் கவாத்து வெட்டியது, கொட்டை பொறுக்கியது, நான் பள்ளிக்கூடம் போகச் செருப்பு வாங்கி வந்தது எல்லாம் அவர்தான். ஊர் அவரை ஒரு ஆளாக மதித்ததில்லை. ‘கூத்துக்காரன் தம்பி’ என்றுதான் பெயர்.

அடுத்த வைகாசிக்கு வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர்தான் இரண்டாமவர். திருச்சிப் பக்கம். சொந்தமாக ஆர்மோனியம் வைத்திருந்தார், பட்டுப்புடவையும் வைத்திருந்தார். வந்ததும் குழியைப் பார்த்தார்.

“மண்ணைச் சலிச்சு வைங்க. கல்லு கில்லு இருந்தா நான் எறங்க மாட்டேன்” என்றார்.

“ஏங்க, அவளப் பொதைக்கையில சலிச்சா போட்டாங்க?” என்று கேட்டார் சித்தப்பா.

“அவளுக்கு மறுநா வேற ஊர்ல புரோகிராம் இல்ல தம்பி” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன்.

குரல் என்றால் குரல்! மேலே ஏறும், சுற்றும், இறங்கும். ஒப்பாரியை முடித்ததும் ஊரே கை தட்டியது. தட்டிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. வாத்தியார் மிருதங்கத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, “எழவு வூட்டுல கை தட்டுன மொத ஊரு நம்ம ஊருதான்டா” என்றார். மறுபடி அவரைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு, அரும்பாவூரில் அப்பா ஆடுகிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆண்டிமடத்தில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறிப் போனோம். வழியெல்லாம் எனக்கு வறுத்த கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். “உன்னையப் பாத்தாப் போதும், அண்ணன் பையத் தூக்கிட்டு வந்துடும் பாரு” என்று நான் கேட்காமலே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கே கொட்டகையில் டிக்கெட் போட்டு நம் ஏரிக்காரியை ஆடினார்கள். நம் கரையில் மட்டும்தான் ஆடலாம், வேறு எங்கேயும் பாடக்கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த அதே கதை. மேடையில் ஒரு மரப்பெட்டிதான் குழி. மண்ணுக்குப் பதில் மரத்தூள். அந்த ஊரில் சிற்பம் செதுக்குகிற பட்டறைகள் இருந்ததால் மரத்தூளுக்குப் பஞ்சமில்லை. அப்பா அம்மாவின் அரக்குப் புடவையில் நின்றார். ‘மெள்ளப் போடுங்க மண்ணை’ என்று எடுத்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். கண்ணில் நீர் திரண்டு நின்றது. அடுத்த அடியில் விழுந்தது. அந்தப் பெண் விம்மி விம்மி அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டேன்.

கூத்து முடிந்து பின்னால் போனோம். அப்பா கன்னத்தில் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். “எப்புடிப் பாப்பா பாடுனேன்?” என்று கேட்டார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எப்படிப் பாடினேன்.

சித்தப்பா, “அண்ணே, வூட்டுக்கு வா. அண்ணி கெடக்குது, புள்ள கெடக்குது. வைகாசிக்கு ஆடவும் ஆளு இல்ல” என்றார்.

“அதான் நீ இருக்கியேடா. நீயே கட்டு வேஷத்த.” சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், “இவன் ஒப்பாரி வச்சா பொணம் எந்திரிச்சு ஓடிப் போயிடும்யா” என்றார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தப்பா சிரிக்கவில்லை.

வைகாசி வந்தது. யார் வேஷம் கட்டுவது என்று நாட்டாண்மை கேட்டார். சித்தப்பா எழுந்து நின்று, “நான் கட்டுறேங்க” என்றார்.

“ஏரிக்காரிக்கா, இல்ல, ஏரிக்குப் போடுற மதகுக்கா?” என்று கேட்டார் நாட்டாண்மை.

“அந்த மீசைய என்னடா பண்ணுவ?” என்றார் வாத்தியார்.

“எடுத்துட்டாப் போச்சு.”

மறுநாளே எடுத்துவிட்டார். மேல் உதட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முந்திரிக்காட்டில் தனியாக நடந்து பாடிப் பழகினார். பாட்டு வரவில்லை. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்: “ஒப்பாரி வைடான்னா ஏலம் போடுறானே!” பள்ளிக்கூடம் போகிற வழியில் நீங்கள் அவர் மாதிரிப் பாடிக் காட்டிச் சிரித்தீர்கள். அதில் நன்றாகச் செய்து காட்டியவர்தான் இன்றைக்கு நம் குரூப்பை நடத்துகிறார். நான் மறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

கூத்து நாள் வந்தது. கட்ட நல்ல புடவை இல்லை. யாரோ கொடுத்த வாயில் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தார். முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். நடந்தால் சிரிப்பு, குனிந்தால் சிரிப்பு. குழியில் இறங்கும்போது மூங்கில் கூடையை எடுத்து வந்தார்கள். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

“அவ கூடைக்குள்ளயா நின்னா? வேண்டாம்.”

வெறும் குழியில் இறங்கினார். ‘மெள்ளப் போடுங்க’ என்று தொடங்கினார். மண் விழ ஆரம்பித்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. இரண்டாம் அடி அவருக்கு மறந்துவிட்டது. வாத்தியார் எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது.

அப்போது அவர் பாட்டை விட்டுவிட்டார். மண் அள்ளிக்கொண்டு நின்ற ஒரு அத்தையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சத்தமாகக்கூட இல்லை.

“அத்தே, கையெல்லாம் முந்திரிப்பால் பட்டு வெந்து கெடக்கு. காஞ்ச மண்ண அள்ளாதீங்க, எரியும். அந்தாண்ட ஈர மண்ணு இருக்கு, அத எடுத்துப் போடுங்க.”

அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

“பெரியப்பா, குனிய முடியலன்னா விடுங்க, மாப்புள்ளய உங்களுக்கும் சேத்துப் போடச் சொல்லுங்க. அண்ணி, சின்னப் புள்ளைவள மொதல்ல போடச் சொல்லி வூட்டுக்கு அனுப்பிடுங்க. இருட்டுனா பயந்துக்கும். நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்திரிக் கொட்டை உடைத்துத் தோல் உரிந்த கைகள். ஒவ்வொரு கையாகப் பார்த்து, அது யாருடையது என்று தெரிந்து, உறவு சொல்லிக் கூப்பிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. புதைக்கப்படுகிறவள் புதைக்கிறவர்களுக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு நின்றது. மண்ணும் நின்றது.

“போடுங்கய்யா! பொழுது போவுது!” என்று வாத்தியார் கத்தினார். யாரும் அசையவில்லை. நாட்டாண்மை ஒரு பிடி மண்ணோடு குழி ஓரம் வரைக்கும் போனார். அவர் கை மேலே எழும்பவே இல்லை. மண்ணை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். உங்கள் கையிலும் மண் இருந்தது. என் கையிலும் இருந்தது. ஒருத்தராலும் போட முடியவில்லை. சூரியன் முந்திரிக்காட்டுக்குப் பின்னால் இறங்கியது.

அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. கூத்து முடியவில்லை, பொழுதும் சாய்ந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். படுதா பிடிக்க வேண்டியவர்களும் போய்விட்டார்கள். இடுப்பளவு மண்ணில் நின்றவர் இருந்தபடியே இருந்தார். கடைசியில் அவரே மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். அம்மா தூரத்தில் நின்று என்னை மட்டும் கூப்பிட்டாள்.

அந்த வயதில் எனக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. கூத்து கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது புரிகிறது. அப்பா அழுதார், நாம் நன்றாக அழுதுவிட்டு ஓடிப்போய் மண் போட்டோம். திருச்சிக்காரர் பாடினார், நாம் கை தட்டிவிட்டு மண் போட்டோம். ஒரு பெண்ணை உயிரோடு புதைத்த கதையைக் காலங்காலமாக ஆடியிருக்கிறோம். புதைக்கக் கை வராமல் நம்மை நிறுத்தியது அந்த ஒரு ஆள்தான்.

அதற்கு ஊர் என்ன கூலி கொடுத்தது? மறுநாள் கூட்டத்தில் நாட்டாண்மை, “மண்ணு வாங்கத் தெரியாதவன் எதுக்குடா குழியில எறங்குன?” என்று கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்த அதே நாட்டாண்மை. ஈர மண்ணை எடுக்கச் சொல்லிச் சித்தப்பா யாரிடம் பேசினாரோ அந்த அத்தை, அவளும், “அவன் அண்ணன் மாதிரி வருமா? இவன் சும்மா வாயடிச்சுக்கிட்டு நின்னான்” என்றாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மீசை இல்லாத முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

அந்த ஐப்பசியில் கரை ஒரு ஓரத்தில் அரித்துக்கொண்டு போனது. அந்த ஓரம் வருஷா வருஷம் அரிக்கிற இடம். யாரும் மண்வெட்டி எடுத்துப் போய் அணைத்ததில்லை. அந்த வருஷம் மட்டும் அதற்குச் சித்தப்பா காரணம் ஆனார். பாதி விதைத்த வயலில் தண்ணீர் புகுந்தவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று ஏசினார்கள்.

அப்புறம்தான் உங்கள் அப்பாமார்கள் கூடிப் பேசி, அரும்பாவூருக்குப் போய் என் அப்பாவை அழைத்து வந்தார்கள். கெஞ்சி அழைத்து வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடுவதற்கு முன்னால் அவரை முறைப்படி உள்ளே அழைக்க வேண்டும் என்று மறுபடியும் என் கையில் சொம்பு வந்தது. போனமுறை கூப்பிடாமல் விட்டுப்போன கூப்பிடுதல் பாக்கி இருக்கிறதாம்.

எல்லையில் அப்பா நின்றார். புதுச் சட்டை, புதுச் செருப்பு. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தைத்தான் பார்த்தார்.

“கூப்புடுடி” என்றாள் அம்மா.

“மாட்டேன்.”

“ஆம்பள வூட்டுக்கு வந்துட்டாரு. வாய்க்கொழுப்பு ஆகாது. கூப்புடு.”

நான் கூப்பிடவில்லை. உங்கள் அம்மாக்கள் கூட்டமாகச் சேர்ந்து, “ஏரிக்காரி, வூட்டுக்கு வா” என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி அவர் காலில் ஊற்றினாள். அவர் உள்ளே வந்தார்.

அந்த வைகாசியில் அவர் கூடைக்குள் நின்று பாடினார். எல்லோரும் அழுதீர்கள். அள்ளி அள்ளி மண் போட்டீர்கள். பொழுது இருக்கும்போதே முடிந்தது. வரிசையில் சித்தப்பாவும் நின்றார்; அவரும் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே அரியலூருக்குப் போய் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றச் சேர்ந்துவிட்டார். பிறகு ஊருக்கு வரவே இல்லை. மீசையையும் வளர்க்கவில்லை. அப்பா சாகும்வரை ஏரிக்காரியாக ஆடினார். சால்வை வாங்கினார், பெயர் வாங்கினார். உங்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது.

சித்தப்பா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். நெஞ்சில் சிமெண்ட் தூசி. கட்டிலை விட்டு அதிகம் எழுவதில்லை. உங்கள் வாசகத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

“சரியாத்தானே போட்டுருக்காங்க” என்றார். “அண்ணந்தான் ஏரிக்காரி. நான் கூத்தக் கெடுத்தவன். பாதிக் குழியிலேயே விட்டுட்டுப் போனாங்கள்ல? மண்ணு போடக்கூட என்னைய யாருக்கும் புடிக்கல.”

இத்தனை காலமும் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் துடித்துப்போனேன். “இல்ல சித்தப்பா. ஒருத்தராலயும் போட முடியல. என் கையும்தான் வரல” என்றேன்.

“நீ வூட்டுப் புள்ள. வேற எப்புடிச் சொல்லுவ?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். அன்றைக்குக் கையில் மண்ணோடு நின்றவர்களில் நாம்தான் மிச்சம். கட்டுரையை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அப்பா படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்களில் ஒருத்தராவது, வெட்கத்தை விட்டுவிட்டு, அரியலூருக்குப் பஸ் ஏறி வாருங்கள். ஸ்டாண்டில் இறங்கிப் போன் போட்டால் வந்து கூட்டிப் போகிறேன். சால்வை, பழம் எதுவும் வேண்டாம். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அன்னைக்கு என் கை வரலைங்க’ என்று சொன்னால் போதும்.

அவருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள்.